கைக்குழந்தையா இருந்தப்பவே அரசர்: யார் இந்த இரண்டாம் சோபுசா?

ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் உள்ள குட்டி நாடு எஸ்வாட்டினி. பழைய பெயர் சுவாசிலாந்து. டூர் போறவங்க நாணல் நடனத் திருவிழாவையும், ஹ்லானே பூங்காவில் சிங்கம், காண்டாமிருகத்தையும் தவறவிட மாட்டாங்க. இரண்டுமே இன்றைய வடிவம் பெற்றது இரண்டாம் சோபுசா காலத்தில்தான்.

1899 ஜூலையில் பிறந்தார். சில மாதங்களில் அப்பா இறந்துவிட, கைக்குழந்தையே அரசர்! ஆட்சியைக் கவனித்தவர் பாட்டி லபோட்சிபெனி.

1907-ல் பிரிட்டிஷ் நிர்வாகம் நிலத்தைப் பங்கு போட்டது. சுவாசி மக்களுக்குக் கிடைத்தது மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. சொந்த மண்ணைக் காசு கொடுத்து வாங்கும் நிலை! மக்களிடம் நிதி திரட்டினார் பாட்டி.

1921-ல் பொறுப்பேற்ற சோபுசா, அடுத்த ஆண்டே லண்டன் போய் முறையிட்டார். பலனில்லை. 1926-ல் வழக்கும் தோற்றது. ஆனால் நிலத்தை மீட்கும் வேலை நிற்கவில்லை. 1968-ல் விடுதலை கிடைத்தபோது, பாதிக்கும் மேற்பட்ட நிலம் திரும்பி வந்திருந்தது.

அரச வேட்டைக்காடாக இருந்த ஹ்லானே, 1967-ல் வனவிலங்குகளுக்கான பூங்காவானது. சுவாசி மொழியில் அரசரின் பட்டமே 'சிங்கம்'தான்.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கு. 1973-ல் அரசியலமைப்பை ரத்து செய்து, அரசியல் கட்சிகளைத் தடை செய்தார். 1982 ஆகஸ்ட் 21-ல் மறைந்தபோது, 82 ஆண்டுகள் அரசராக இருந்திருந்தார். மண்ணை மீட்டதற்காக அவரைக் கொண்டாடும் நாட்டில், கட்சி அரசியலுக்கான கோரிக்கை இன்னும் ஓயவில்லை.