சா. கணேசன்

சா. கணேசன் (1908 - 1982) காரைக்குடியைச் சேர்ந்த விடுதலைப் போராட்ட வீரரும் தமிழறிஞரும் ஆவார். கம்பராமாயணத்தைப் பரப்புவதற்காகக் காரைக்குடிக் கம்பன் கழகத்தை நிறுவியவர். கம்பன் அடிப்பொடி என்ற பெயராலேயே பெரிதும் அறியப்படுகிறார்.

வாழ்க்கைக் குறிப்பு

நகரத்தார் குடும்பத்தில் பிறந்த இவர், காங்கிரசில் சேர்ந்து விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றார். பின்னர் இராஜாஜியின் சுதந்திராக் கட்சியில் இணைந்து, 1962 தேர்தலில் காரைக்குடித் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரானார். எனினும் இவரது பெயர் நிலைத்திருப்பது அரசியலால் அன்று.

கம்பன் கழகம்

ஈரானில் பிர்தௌசியின் ஷாநாமா நாட்டின் அடையாளமாகப் போற்றப்படுகிறது. 1934இல் தூசு நகரில் அக்கவிஞருக்கு நினைவிடம் திறக்கப்பட்டபோது அரசே முன்னின்றது. கம்பனுக்கு அத்தகைய அரச ஆதரவு இருக்கவில்லை. 1939இல் காரைக்குடியில் ரசிகமணி டி. கே. சி. தலைமையில் நடந்த முதல் கம்பன் விழா, கணேசனும் நண்பர்களும் தம் முயற்சியால் எடுத்தது.

அக்காலத்தில் தமிழ் அடையாளத்தை வலியுறுத்திய திராவிட இயக்கமே கம்பராமாயணத்தை வடவர் கதை என எதிர்த்தது. அதனை எரிக்க வேண்டும் என்ற குரலும் எழுந்தது. 1943இல் சென்னையில் கா. ந. அண்ணாதுரைக்கும் ரா. பி. சேதுப்பிள்ளைக்கும் இது குறித்து விவாதம் நடந்தது. கணேசனின் வழி வேறு. கதை எங்கிருந்து வந்திருப்பினும் காப்பியம் தமிழருடையது என்ற நிலையில் நின்று, ஆண்டுதோறும் விழா நடத்தினார். சமயச் சொற்பொழிவாக அன்றி இலக்கிய விழாவாக அமைந்ததால் பொதுவுடைமைத் தலைவர் ப. ஜீவானந்தம், நீதிபதி மு. மு. இஸ்மாயில் போன்றோரும் அம்மேடையில் பேசினர். எதிர்ப்புக்கு இதனினும் தக்க விடை இருந்திருக்க முடியாது.

விழா பங்குனி மாதத்தில் நடைபெறும். கம்பர் தம் காப்பியத்தை அரங்கேற்றியதாகக் கருதப்படும் பங்குனி அத்த நாளன்று, அவரது சமாதி இருப்பதாக நம்பப்படும் நாட்டரசன்கோட்டையில் விழா நிறைவுறும். பிற்காலத்தில் சென்னை, புதுச்சேரி, இலங்கை ஆகிய இடங்களிலும் கம்பன் கழகங்கள் தோன்றின.

தமிழ்த்தாய் கோயில்

காரைக்குடியில் கம்பன் மணிமண்டப வளாகத்தில் தமிழ்த்தாய்க்குக் கோயில் எழுப்ப வேண்டும் என்பதும் கணேசனின் எண்ணமே. 1975இல் அதற்கு அடிக்கல் நாட்டியவர், கம்பனை எதிர்த்த அதே இயக்கத்தில் வளர்ந்த மு. கருணாநிதி என்பது குறிப்பிடத்தக்கது. கோயில் 1993இல் திறக்கப்பட்டது. அதனைக் காணக் கணேசன் உயிருடன் இல்லை.