மகாத்மா தேடிய வாடகை அறை



ஆண்டு மலருக்குக் காந்தியடிகளைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் என் அறை நண்பர்கள் சிரித்துவிட்டார்கள். ராட்டை, உப்பு சத்தியாகிரகம் எல்லாம் சின்னக் கிளாஸிலேயே படிச்சாச்சு, இனிமே நீ என்னடா புதுசா எழுதப் போறே என்று கேட்டார்கள். நான் எழுத வந்தது அந்தக் காந்தியைப் பற்றி இல்லை. நம்ம வயசில், முன்பின் தெரியாத நாட்டில், பெட்டி படுக்கையோடு தங்க இடம் தேடிய மோகன்தாஸைப் பற்றித்தான்.

ஊர் விட்டு ஊர் வந்து அறை தேடிய அனுபவம் நம்மில் பாதிப் பேருக்கு உண்டு. டிப்ளமோ முடித்து நாளைக்கு சிங்கப்பூர், துபாய் என்று போகிறவர்களுக்கும் அந்த அலைச்சல் காத்திருக்கிறது. ஆகவே இந்தக் கதை நமக்குப் பயன்படும் என்று நம்புகிறேன்.

1869ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி போர்பந்தரில் பிறந்தவர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. அப்பா சமஸ்தானத்தில் திவான். ஆகவே நம்மைப் போலக் கஷ்டப்பட்ட குடும்பம் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அப்பா 1885ல் காலமானபின் குடும்ப பாரம் அண்ணன் லட்சுமிதாஸ் தலையில் விழுந்தது. மெட்ரிக் பாஸான மோகன்தாஸ் பவநகரில் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே நடத்திய பாடம் ஒன்றுமே புரியவில்லை. ஒரு பருவம் முடிந்ததும் வீட்டுக்குத் திரும்பிவிட்டார். (முதல் செமஸ்டரில் எனக்கும் அப்படித்தான் இருந்தது!) குடும்ப நண்பர் ஒருவர், பையனை லண்டனுக்கு அனுப்பி பாரிஸ்டர் ஆக்குங்கள் என்று யோசனை சொன்னார்.

மது, மாது, மாமிசம் மூன்றையும் தொட மாட்டேன் என்று தாயாரின் மனம் குளிர சத்தியம் செய்துவிட்டு மோகன்தாஸ் பம்பாய்க்கு வந்தார். அங்கே சாதிப் பெரியவர்கள் கூட்டம் போட்டு, கடல் தாண்டினால் சாதியை விட்டு விலக்கு என்று தீர்ப்புச் சொன்னார்கள். அவருக்கு உதவுகிறவர்களுக்கும் வழியனுப்பப் போகிறவர்களுக்கும் ஒரு ரூபாய் நாலணா அபராதம் என்றார்கள். அண்ணன் பணம் கொடுத்து வைத்திருந்த உறவினர், சாதிக்குப் பயந்து அதைத் தர மறுத்துவிட்டார். கடைசியில் ஒரு நண்பரிடம் கடன் வாங்கி, 1888 செப்டம்பர் 4ஆம் தேதி கப்பல் ஏறினார். ஊரில் மனைவி கஸ்தூரிபாயும் கைக்குழந்தையும்.

செப்டம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை இங்கிலாந்தில் இறங்கினார். பத்தொன்பது முடிய இன்னும் சில நாள் பாக்கி. கப்பலில் கூட வந்த மஜும்தார் என்ற வக்கீலோடு விக்டோரியா ஓட்டலுக்குப் போனார். பெட்டியெல்லாம் ஏஜெண்டிடம் இருந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, எடுக்க முடியாது. குளிர் நாட்டில் எல்லோரும் கறுப்புக் கோட்டில் திரிய, இவர் மட்டும் வெள்ளை ஃபிளானல் உடுப்பில் கூசிக் குறுகி நின்றார். ஓட்டல் சாப்பாட்டில் ஒன்று பிடிக்கவில்லை என்று வேறொன்று கேட்டால் இரண்டுக்குமே காசு. பம்பாயிலிருந்து கட்டி வந்த தின்பண்டத்தை வைத்துத்தான் வயிற்றைச் சமாளித்தார். திங்கட்கிழமை பில் வந்தது. மூன்று பவுண்டு! பார்த்ததும் அதிர்ந்து போனார்.

அந்தக் காலத்தில் ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். இந்தக் கணக்கை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

ஏற்கெனவே லண்டனில் இருந்த டாக்டர் பிராண்ஜீவன் மேத்தா, ஓட்டலில் நாள் கணக்கில் தங்கினால் கட்டுப்படியாகாது, ஒரு குடும்பத்தோடு தங்குவதுதான் நல்லது என்று முதல் நாளே சொல்லியிருந்தார். ஆனால் மோகன்தாஸும் மஜும்தாரும், கப்பலில் பழக்கமான ஒரு சிந்திக்காரர் பிடித்துக் கொடுத்த அறைகளுக்குப் போய்விட்டார்கள். வாடகை குறைந்தது, மனசு ஒட்டவில்லை. ராத்திரியானால் அம்மா ஞாபகம் வந்து கண்ணீர் விட்டு அழுதிருக்கிறார். யாரிடம் போய்ச் சொல்வது? பின்னாளில் ஒரு சாம்ராஜ்யத்தையே எதிர்த்து நின்றவர், அன்று வாடகை அறையில் தலையணை நனைய அழுத பையன்தான்.

மேத்தா வந்து அறையைச் சுற்றிப் பார்த்தார். இது சரிப்படாது என்றார். இந்த நாட்டுப் பழக்கவழக்கம் தெரியாமல் தனியாக இருக்கக் கூடாது என்று, முதலில் ரிச்மண்டில் இருந்த ஒரு இந்திய நண்பரிடம் கொண்டுபோய் விட்டார். அந்த நண்பர் தம்பியைப் போலப் பார்த்துக்கொண்டு, இங்கிலீஷ் பேச்சும் நடைமுறையும் கற்றுக் கொடுத்தார். ஆனால் ரிச்மண்ட் லண்டனிலிருந்து தள்ளி இருந்தது. வாரத்துக்கு ஒருநாள் இரண்டுநாள்தான் லண்டனுக்கு வர முடிந்தது. ஆகவே சுமார் ஒரு மாதத்தில் மேற்குக் கென்சிங்டனில் ஒரு விதவை அம்மாள் வீட்டுக்கு மாறினார். வாரா வாரம் பணம் கட்டினால் அறையும் சாப்பாடும் கிடைக்கும் ஏற்பாடு அது. தாயாரிடம் செய்த சத்தியத்தை அந்த அம்மாளிடம் முதல் நாளே சொல்லிவிட்டார். அந்த வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் இன்னும் இரண்டு துண்டு ரொட்டி வைப்பார்கள். அதற்கு மேல் கேட்க இவருக்கு வெட்கம். வயிறு அரைகுறையாகத்தான் நிறைந்தது. தினம் பத்துப் பன்னிரண்டு மைல் சுற்றி அலைந்து, ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் வயிறாரச் சாப்பிட்டார்.

இந்தக் காலத்தில் அவருக்கும் கொஞ்சம் ஆட்டம் பிடித்தது. பாண்ட் தெருவில் பத்துப் பவுண்டுக்கு சூட், 19 ஷில்லிங்குக்குத் தொப்பி, நடனத்துக்கும் வயலினுக்கும் வாத்தியார்! மூன்று மாசம் இப்படி ஓடியது. நான் என்ன இங்கேயே குடியிருக்கவா வந்தேன், படிக்கத்தானே வந்தேன் என்று பிறகு புத்தி தெளிந்தது. நல்ல வேளையாக ஒரு பழக்கத்தை மட்டும் அவர் விடவில்லை. பஸ் கட்டணம், தபால்தலை, பேப்பர் என்று ஒவ்வொரு காசையும் நோட்டில் எழுதி, ராத்திரி படுக்குமுன் கணக்கை நேர் பண்ணுவார்.

அந்த நோட்டுதான் வழி காட்டியது. குடும்பத்தோடு தங்குவதில் வாரக் கட்டணம் மட்டுமல்ல, மரியாதைக்காக வீட்டாரை வெளியே சாப்பிட அழைத்துப் போவது, வண்டிச் சத்தம் என்று மறைமுகச் செலவு வேறு இருப்பது தெரிந்தது. செலவைப் பாதியாகக் குறைக்கத் தீர்மானித்தார். சொந்தப் பொறுப்பில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்தார். எப்படிப்பட்ட இடத்தில் தெரியுமா? போக வேண்டிய இடத்துக்கு அரை மணி நேரத்தில் நடந்தே போகும்படியான இடத்தில். வண்டிச் செலவு மிச்சம், உடம்புக்கும் நல்லது. லண்டன் மெட்ரிகுலேஷன் தேர்வுக்குப் படித்தார், முதல் தடவை லத்தீனில் ஃபெயிலானார்.

அப்போதுதான் இன்னும் ஒரு படி இறங்கினார். இறங்கினார் என்பதைவிட ஏறினார் என்றே சொல்லலாம். வாரம் இரண்டு ஷில்லிங் வாடகையில், சேரியில் ஒரு அறையில் தங்கிப் படிக்கும் ஏழை மாணவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டார். ஊரில் பணத்துக்குத் திண்டாடும் அண்ணன் முகம் கண்ணில் வந்தது. இரண்டு அறையை விட்டுவிட்டு ஒரே அறைக்கு மாறி, ஒரு அடுப்பு வாங்கினார். காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கோகோவும் இருபது நிமிஷத்தில் தயார். மத்தியானம் மட்டும் வெளியில் சாப்பாடு, ராத்திரி ரொட்டியும் கோகோவும். ஒரு நாளைக்கு ஆன செலவு ஒரு ஷில்லிங் மூணு பென்ஸ். படிக்க நேரம் கிடைத்தது, அடுத்த தடவை மெட்ரிகுலேஷனும் பாஸ்.

இப்போ கணக்குப் போடுங்க. அந்த மூன்று பவுண்டு ஓட்டல் பில் 60 ஷில்லிங். சனிக்கிழமை முதல் திங்கட்கிழமை வரைக்கும் கரைந்த அந்தப் பணம், ஒற்றை அறைக் கணக்கில் 48 நாள் செலவுக்குச் சமம்!

1891 ஜூன் 10ஆம் தேதி பாரிஸ்டர் ஆனார், 12ஆம் தேதி ஊருக்குக் கப்பல் ஏறினார். 1893ல் ஒரு வருஷ வேலையாகத் தென்னாப்பிரிக்கா போனபோது அந்த லண்டன் பாடம் கை கொடுத்தது. நிறவெறியால் ரயிலிலிருந்து தள்ளப்பட்டு, ஜோகன்னஸ்பர்க் ஓட்டலில் இடம் மறுக்கப்பட்டு, பிரிட்டோரியாவில் ராத்திரி நேரத்தில் இறங்கினார். ஒரு ஓட்டலில் ஒரே ராத்திரிதான் தங்கினார். மறுநாளே ஒரு ரொட்டிக்காரர் வீட்டில், வாரம் 35 ஷில்லிங்குக்குத் தங்கும் ஏற்பாடு ஆகிவிட்டது. 1894ல் இந்தியர்களின் வாக்குரிமைக்காகத் தங்கிப் போராட முடிவானதும் டர்பனில் கடற்கரைப் பக்கம் வீடே எடுத்துக் குடியேறினார். சுமார் இருபது வியாபாரிகள் தங்கள் வழக்கு வேலையை ஒரு வருஷத்துக்கு முன்கூட்டியே அவரிடம் ஒப்படைத்ததால் அது முடிந்தது. வருமானத்துக்கு வழி தெரிந்த பிறகே நிரந்தர வீடு, இதைக் கவனிக்கணும். 1910ல் நண்பர் காலன்பாக் 1,100 ஏக்கர் பண்ணையை வாடகையில்லாமல் கொடுக்க, டால்ஸ்டாய் பண்ணை பிறந்தது. போராட்டக் குடும்பங்கள் அங்கே சேர்ந்து வாழ்ந்தன, அவற்றில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. இடம் கிடைக்காமல் அலைந்தவர் மற்றவர்களுக்கு இடம் கொடுப்பவர் ஆனார்.

நண்பர்களே, நான் இங்கே சேர வந்தபோது அப்பாவும் நானும் பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜில் இரண்டு ராத்திரி தங்கினோம். காலி பண்ணும்போது அப்பா கவுண்டரில் நின்று நோட்டை இரண்டு தடவை எண்ணிக் கொடுத்தார். செங்கல் சூளையில் அவர் எத்தனை நாள் நின்ற காசு அது என்று எனக்குத் தெரியும். எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். அறை தேட யோசனை சொல்ல வீட்டில் யாருக்கும் தெரியாது. சீனியர் அண்ணன்கள் இரண்டு பேர் மேத்தா மாதிரி வந்து, தங்கள் அறையில் ஒரு மாசம் படுக்க இடம் கொடுத்தார்கள். ஊர் பழகிய பிறகு, கல்லூரிக்கு நடந்து போகிற தூரத்தில் மூணு பேராகச் சேர்ந்து அறை எடுத்தோம்.

மோகன்தாஸ் நமக்குச் சொல்லிக் கொடுப்பது இதுதான். நாள் வாடகையில் நாளைக் கடத்தாதீர்கள். அதற்காக அவசரப்பட்டு முதலில் கிடைத்த இடத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தும் மாட்டிக்கொள்ளாதீர்கள். தெரிந்தவர் நிழலில் கொஞ்ச நாள் இருந்து ஊரைப் பழகுங்கள். பிறகு வேலைக்குப் பக்கத்தில், கைக்கு அடக்கமாக ஒரு இடம் பிடித்து நிலையாக இருங்கள். ராத்திரி கணக்கு எழுதுங்கள். அடுத்த ஜூனில் பஸ் ஸ்டாண்டில் பெட்டியோடு ஒரு தம்பி நின்றால், நாம் அவனுக்கு மேத்தாவாக இருப்போம்.

என் கணக்கு நோட்டில் முதல் வரி அந்த லாட்ஜ் வாடகைதான். இன்னும் அடிக்கவில்லை.

– இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை