தன் உடம்பிலேயே முதல் ஊசி: வால்டெமார் ஹாஃப்கின்



சொரியாசிஸ், எக்ஸிமா போன்ற தோல் நோய்களுக்காக பயாலஜிக் ஊசி எடுத்துக்கொள்பவர் உங்கள் வீட்டில் இருந்தால், தடுப்பூசி என்றதும் எழும் தயக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எதிர்ப்புச் சக்தியின் ஒரு பகுதியை மட்டுப்படுத்தும் மருந்து அது. அந்த நிலையில் தடுப்பூசியே நோயைக் கொண்டுவந்துவிட்டால் என்ன செய்வது? இந்தக் கேள்விக்கான விடையின் பாதி, நம் நாட்டில் பல ஆண்டுகள் உழைத்த ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கையில் இருக்கிறது.

வால்டெமார் ஹாஃப்கின் 1860-இல் ஒடெஸா நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அவர் படித்தது விலங்கியல்; மருத்துவப் பட்டம் அவரிடம் இல்லை. ஜாரின் ஆட்சியில் யூதருக்கு உயர்பதவி எளிதில் கிடைக்காது. நாட்டைவிட்டு வெளியேறி, பாரிஸில் பாஸ்டர் நிறுவனத்தில் நூலகப் பணியில் சேர்ந்தார். மீதி நேரமெல்லாம் ஆய்வுக்கூடத்தில் கழிந்தது. 1892-இல் காலராவுக்குத் தடுப்பூசி தயாரித்து, முதலில் தனக்கே போட்டுக்கொண்டார். 1893-இல் இந்தியா வந்து, கல்கத்தாவிலும் பிற இடங்களிலும் ஆயிரக்கணக்கானோருக்கு அதைப் போட்டார். அதில் இருந்தவை உயிருள்ள காலராக் கிருமிகள்.

1896-இல் மும்பையில் பிளேக் பரவியது. அரசு ஹாஃப்கினை அழைத்தது. கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஒதுக்கித் தந்த சிறிய இடத்தில், சில உதவியாளர்களோடு அவர் வேலையைத் தொடங்கினார். குடுவையில் இருந்த சாற்றின் மேல் நெய்த் துளிகளை மிதக்கவிட்டு, அதில் பிளேக் கிருமியை வளர்த்தார். இம்முறை வழியை மாற்றினார். வளர்ந்த கிருமிகளைச் சூடாக்கிக் கொன்றுவிட்டு, அதன்பிறகே ஊசிக்குப் பயன்படுத்தினார். செத்த கிருமி நோயைத் தராது. ஆனால் எதிரி யார் என்பதை உடம்புக்கு அடையாளம் காட்டிவிடும். 1897 ஜனவரி 10 அன்று அந்த ஊசியையும் தனக்கே போட்டுக்கொண்டார். காய்ச்சலும் வலியும் வந்தன, போயின. அடுத்து பைகுல்லா சிறையில் முன்வந்த கைதிகளுக்குப் போடப்பட்டது. பிறகு லட்சக்கணக்கானோருக்குப் போய்ச் சேர்ந்தது.

1902 அக்டோபர் 30 அன்று பஞ்சாபில் மல்கோவால் கிராமத்தில் 107 பேருக்கு ஊசி போடப்பட்டது. ஒரே புட்டியிலிருந்து போட்டுக்கொண்ட 19 பேர் டெட்டனஸ் வந்து இறந்தார்கள். விசாரணை ஹாஃப்கினின் ஆய்வுக்கூடத்தைக் குறை சொன்னது. அவர் பதவியிலிருந்து விலக்கப்பட்டார். மற்ற புட்டிகளில் குறை இல்லை என்பதும், தரையில் விழுந்த இடுக்கியைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் அந்தப் புட்டியைத் திறந்தார்கள் என்பதும் பிறகு எடுத்துக்காட்டப்பட்டன. ரொனால்ட் ராஸ் உள்ளிட்ட விஞ்ஞானிகள் அவருக்காக வாதாடினார்கள். 1907-இல் களங்கம் நீங்கி, மீண்டும் கல்கத்தாவுக்கு வந்து பணியாற்றினார். 1930-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் காலமானார். மும்பை பரேலில் உள்ள ஹாஃப்கின் நிறுவனம் 1925 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இனி உங்கள் வீட்டுக் கேள்விக்கு வருவோம். ஹாஃப்கின் கையாண்ட அதே இரண்டு வழிகள்தாம் இன்றும் முக்கியம். பயாலஜிக் எடுப்பவர்களுக்கு, உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிக்கும் தடுப்பூசிகளைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள். தட்டம்மை-புட்டாளம்மை-ருபெல்லா ஊசி, சின்னம்மை ஊசி, மஞ்சள் காய்ச்சல் ஊசி, மூக்கில் தெளிக்கும் ஃப்ளூ மருந்து ஆகியவை இந்த வகை. ஃப்ளூ ஊசி, நிமோனியா ஊசி, ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் ஆகியவற்றில் உயிருள்ள கிருமி கிடையாது. இவற்றைப் பொதுவாகப் போட்டுக்கொள்ளலாம். தொற்று வந்தால் கடுமையாகக்கூடும் என்பதால் இவர்களுக்கு அவை கூடுதலாகவே தேவை. அக்கிக்கான தடுப்பூசியில் இரண்டு வகையும் உண்டு என்பதால் பெயரை மட்டும் கேட்டால் போதாது, வகையையும் கேளுங்கள்.

பயாலஜிக் இன்னும் தொடங்கவில்லை என்றால், விடுபட்ட தடுப்பூசிகளை முன்கூட்டியே முடித்துக்கொள்வது சிறந்தது. ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால், தடுப்பூசிக்காக நீங்களாகவே மருந்தை நிறுத்திவிடாதீர்கள். தோல் மருத்துவரிடம் நாளைக் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். ஊசி போடும் இடத்தில் மருந்தின் பெயரைத் தவறாமல் சொல்லுங்கள். கைப்பேசியில் மருந்துச் சீட்டைப் படமெடுத்து வைத்திருந்தால் இன்னும் எளிது.

மல்கோவாலில் தவறு ஒரு புட்டியைத் திறந்த விதத்தில் இருந்தது. பழியோ தடுப்பூசியின் மேல் விழுந்தது. நம் வீட்டிலும் அப்படி ஆகவேண்டாம். இது உயிருள்ள கிருமியா, இல்லையா என்ற ஒரு கேள்வியை முதலில் கேளுங்கள். போடலாமா வேண்டாமா என்பதை அதன்பிறகு மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள்.