கம்பியை அகற்றியவர்

சிங்கம்! இரும்புக் கம்பிக்குள்ளே முன்னே நாலு அடி, பின்னே நாலு அடி. இதுதான் அன்றைய மிருகக்காட்சிசாலை. அந்தக் கம்பியை அகற்றிக் காட்டியவர் கார்ல் ஹாகன்பெக்.

1844-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் மீன் வியாபாரி மகனாகப் பிறந்தார்; மிருக வியாபாரியாக வளர்ந்தார். சவுக்கால் மிரட்டாமல், இரை தந்து பழக்கினார். 1907-ல் ஸ்டெல்லிங்கனில் அவர் திறந்த பூங்காவிலே, பாறை உண்டு, வெட்டவெளி உண்டு. சிங்கத்துக்கும் மக்களுக்கும் நடுவே அகழி உண்டு, கம்பி இல்லை!

பாராட்டுவோம், தோழர்களே! ஆனால், அதே மனிதர்தான் 1870-களில் லாப்லாந்து மக்களையும், 1880-களில் இலங்கை மக்களையும் அழைத்துவந்து, கட்டணம் வாங்கிக் காட்சிப்பொருளாக்கினார்!

1913-ல் மறைந்தார். விலங்கின் வேதனை கண்ட கண்ணுக்கு மனிதனின் மானம் தெரியவில்லையே! பாதிவழியில் நின்ற கருணை, வியாபாரமாகவே முடிந்தது.