எட்டியும் இசிவும்: லெஷெனோ தெ லா தூர் வரலாறு

வில்லியனூர், பாகூர் முதலிய கொம்யூன்களில் வாழ்வோருள் எட்டி மரத்தின் பெயரை அறியாதார் அரியர். ஈயாதவன் செல்வத்திற்கு அதன் கனியை உவமை கூறுதல் நம் நாட்டு வழக்கு. கண்ணுக்கினிய அக்கனியினுள்ளே கிடக்கும் தட்டையான விதையின் நஞ்சு உடலிற் கலப்பின், உறுப்புக்கள் விறைக்கும். முதுகு வில்லென வளையும். சிறிதோர் ஒலி கேட்பினும் உடம்பு துள்ளித் துடிக்கும். முடிவில் மூச்சடைத்து உயிர் பிரியும். இவ்விசிவு உடம்பின் எவ்விடத்தினின்று எழுகின்றது? இவ்வினாவிற்கு விடை காண உதவிய ஒருவர் பின்னாளில் நமது புதுவையிலேயே சில ஆண்டுகள் வாழ்ந்தார் என்பதை நம்மவருட் பலர் அறியார். அவரே லெஷெனோ தெ லா தூர் என்னும் பிரெஞ்சுத் தாவர நூற் புலவர்.

இவர் 1773-ஆம் ஆண்டில், பிரெஞ்சு தேசத்துச் சாலோன் நகரத்தைச் சார்ந்த பகுதியிற் பிறந்தார். 1800-இல் நிக்கோலா போதேன் என்னும் தலைவருடன் ஆஸ்திரேலியக் கரைகளை ஆராயச் சென்ற இரு கப்பல்களுள் ஒன்றில், தாவர ஆராய்ச்சியாளராக அமர்ந்தார். அப்பயணம் துன்பம் மிக்கது. 1803-இல் நோயுற்ற லெஷெனோ திமோர்த் தீவில் இறக்கிவிடப்பட்டார். கூட்டத்தினின்று பிரிந்து, பிறர் நாட்டில் நோயாளியாய்க் கிடப்பது ஒருவனுக்கு நேரக்கூடிய பெருந்துயரன்றோ? ஆயினும் அத்துயரே அவருடைய புகழுக்கு வழியாயிற்று. உடல் தேறியபின் ஜாவாத் தீவிற்குச் சென்று, ஏறக்குறைய மூன்றாண்டு காடுகளிற் செடிகொடிகளைத் தொகுத்தார்.

ஜாவாவின் உபாஸ் மரத்தைக் குறித்து அக்காலத்து ஐரோப்பாவில் ஒரு கட்டுக்கதை உலவியது. அம்மரத்தைச் சூழப் பல கல் தொலைவிற்குப் புல்லும் முளையாது, பறவையும் பறவாது என்றனர். லெஷெனோ நேரிற் சென்று கண்டார். அதன் பால் கொடிய நஞ்சே. ஆனால் மரமோ ஏனைய மரங்கள் போலக் காட்டினிடையே நின்றது. அம்புமுனையிற் பூசும் நஞ்சு இருவகைப்படும் என்பதையும் அவர் தெளிந்தார். ஒன்று அம்மரத்தின் பால். மற்றொன்று தியூத்தே என்னும் கொடியின் வேர்ப்பட்டையினின்று காய்ச்சி எடுப்பது. இக்கொடி நம் எட்டியின் இனத்தைச் சேர்ந்தது. காட்டு மக்கள் நெடுங்காலம் பயின்று வைத்திருந்த அறிவையே அவர் எழுத்தில் வடித்தார் என்பதை நாம் மறத்தலாகாது.

1807-இல் அவர் தாய்நாடு திரும்பியபோது அந்நஞ்சும் உடன் சென்றது. 1809-இல் பாரிஸ் நகரில் பிரான்சுவா மாழாந்தி என்ற இளம் வைத்தியரும், தெலீல் என்ற தாவர நூலாரும் அதனை நாய்களிடத்துச் சோதித்தனர். நஞ்சு தோய்ந்த மரச்சிம்பைத் தொடையிற் குத்தியதும் சில நிமிஷங்களில் இசிவு தோன்றியது. மூளைக்கும் தண்டுவடத்திற்கும் உள்ள தொடர்பை அறுத்த பின்னரும் இசிவு நிற்கவில்லை. தண்டுவடத்தை அழித்தவுடன் நின்றது. ஆகவே இந்நஞ்சு தாக்கும் இடம் தண்டுவடமே என்பது விளங்கிற்று. இரத்தக் குழாய்களால் மட்டும் உடலோடு இணைந்திருந்த காலில் நஞ்சிட்டபோதும் இசிவு உண்டாயிற்று. நஞ்சு குருதி வழியே செல்லுகின்றது என்பதற்கு அது சான்றாயிற்று. மயக்க மருந்தில்லாத காலத்தில் அவ்வுயிர்கள் பட்ட வேதனையை எண்ணுங்கால் உள்ளம் கூசுகின்றது. மாழாந்தியின் கடுமையை அவர் காலத்தவரே பழித்தனர். அப்பழி நியாயமற்றதென்று நான் சொல்ல மாட்டேன்.

1818-இல் பெல்த்தியே, கவாந்து என்னும் இரசாயன நூலார் இவ்வினத்து விதைகளினின்று ஸ்ட்ரிக்னின் என்னும் சத்தைப் பிரித்தனர். தண்டுவடத்திலே தசையியக்கத்தை அடக்கியாளும் கிளைசின் என்னும் பொருளின் வேலையை அது தடுத்துவிடுகின்றது என்பது இருபதாம் நூற்றாண்டிற் புலனாயிற்று. கடிவாளம் அறுந்த குதிரை போலத் தசைகள் ஓடுவதற்கு அதுவே காரணம். காயத்தின் வழியே வரும் தனுர்வாதத்திலும் அதன் கிருமிநஞ்சு அக்கிளைசின் வெளிப்படாதவாறு தடுக்கின்றது. எட்டி நஞ்சுண்டாரை ஒலியும் ஒளியும் குறைந்த இடத்திற் கிடத்தி, டயசிபாம் போன்ற மருந்து கொடுத்து, மூச்சைப் பேணுதலே இன்றைய சிகிச்சை.

காக்கை வலிப்போ வேறு; அது மூளையிலிருந்து எழுவது. அது கண்டவர் கையில் இரும்பைத் திணிப்பாரும், பேயென்று கோடாங்கியை அழைப்பாரும் நம் கிராமங்களில் இன்னும் உளர். இரும்பினால் ஆவது ஒன்றுமில்லை. நோயாளியை ஒருக்களித்துக் கிடத்தி, வாயில் எதனையும் இடாது, வலிப்பு ஐந்து நிமிஷத்திற்கு மேல் நீடிப்பின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லவேண்டும். தாமதத்தால் இழக்கப்படுவது ஓர் உயிராகவும் இருக்கலாம்.

லெஷெனோவின் வரலாற்றிற்கு மீள்வோம். 1814-ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி புதுவையும், அதனைச் சார்ந்த வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளும் 1816-இல் பிரெஞ்சுக்காரர்க்கு மீண்டன. அவ்வாண்டே அவர் பிரெஞ்சு அரசரின் இயற்கை நூலாராக இந்தியாவிற்குப் புறப்பட்டார். புதுவையைத் தலையிடமாகக் கொண்டு, ஆங்கிலேயர் இசைவுடன் சென்னை, வங்காளம், இலங்கை ஆகிய இடங்களிற் செடிகளைத் தேடினார். 1819-இல் நீலகிரி ஏறினார். கரும்பு, பருத்தி, இலவங்கம் முதலியவற்றைப் பூர்போன் தீவிற்கு அனுப்பினார். ஜாவாவிற் கொடியாகக் கண்ட இனத்தை இங்கே மரமாகக் காணும் வாய்ப்பும் அவருக்கிருந்தது.

1822-இல் அவர் பிரான்சுக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டில் புதுவையில் பிரெஞ்சு அரசினர் ஒரு வைத்தியப் பள்ளியைத் தொடங்கினர். இன்று கோரிமேட்டில் விளங்கும் ஜிப்மர் நிறுவனம் அதன் வழிவந்ததே. லெஷெனோ ஓய்ந்திருக்கவில்லை, தென் அமெரிக்காவிற்குச் சென்றார். உடல்நலங் கெட்டு மீண்டு, 1826-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் பாரிஸில் காலமானார். ஆஸ்திரேலியப் பூஞ்செடி இனம் ஒன்றும், மாலையில் நம் இலுப்பை மரங்களை நாடிவரும் பழந்தின்னி வௌவால் வகை ஒன்றும் விஞ்ஞான நூல்களில் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன.