யுஸ்டஸ் வான் லீபிக்

யுஸ்டஸ் வான் லீபிக் (மே 12, 1803 – ஏப்ரல் 18, 1873) ஒரு ஜெர்மன் வேதியியலாளர் ஆவார். கரிம வேதியியல், வேளாண் வேதியியல் ஆகிய துறைகளின் முன்னோடிகளுள் ஒருவராகக் கருதப்படுகிறார். மெலமைன் என்னும் சேர்மத்தை 1834 இல் முதன்முதலில் தயாரித்தவரும் இவரே.

வாழ்க்கை

லீபிக் ஜெர்மனியில் உள்ள டார்ம்சுடாட் நகரில் பிறந்தார். தந்தை சாயங்களும் வேதிப்பொருட்களும் விற்கும் வணிகர். லீபிக் சிறிது காலம் மருந்துக் கடையில் பயிற்சி பெற்றபின், பான், எர்லாங்கன் ஆகிய நகரங்களில் பயின்றார். 1822 இல் பாரிசு சென்று கே-லுசாக்கிடம் ஆய்வு முறைகளைக் கற்றார். 1824 இல், தம் 21 ஆம் வயதில், கீசன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அங்கு அவர் அமைத்த ஆய்வகத்தில் மாணவர்கள் தாமே சோதனை செய்து கற்றனர். இம்முறை பின்னர் உலகெங்கும் பரவியது. 1852 இல் மியூனிக் நகருக்குச் சென்றார். இறுதிவரை அங்கேயே வாழ்ந்தார்.

ஆய்வுகள்

கரிமச் சேர்மங்களில் உள்ள கார்பனின் அளவைத் துல்லியமாகக் கண்டறிய, ஐந்து குமிழ்கள் கொண்ட கண்ணாடிக் கருவி ஒன்றை 1831 இல் உருவாக்கினார். பயிர்களுக்குக் கனிமச் சத்துக்கள் தேவை என்னும் கருத்தை 1840 இல் வெளியிட்ட நூலின் மூலம் பரப்பினார். உடலைக் கட்டமைப்பது நைட்ரஜன் கொண்ட உணவே என்று அவர் வலியுறுத்தினார். 1860களில் குழந்தைகளுக்கான செயற்கைப் பாலுணவு ஒன்றையும் உருவாக்கினார்.

மெலமைன்

பொட்டாசியம் தயோசயனேட்டையும் அம்மோனியம் குளோரைடையும் சேர்த்துச் சூடாக்கி லீபிக் பெற்ற பொருளுக்கு மெலம் என்று பெயரிட்டார். அதைப் பொட்டாசியம் ஐதராக்சைடு கரைசலில் கொதிக்க வைத்தபோது மெலமைன் கிடைத்தது. இதன் நிறையில் ஏறத்தாழ 67 விழுக்காடு நைட்ரஜன் ஆகும். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் இதற்குத் தொழில்துறைப் பயன் ஏதும் இல்லை.

1930களில்தான் மெலமைன் பிசின் உருவாக்கப்பட்டது. மெலமைனுடன் பார்மால்டிஹைடு வினைபுரியும்போது மெத்திலால் மெலமைன்கள் உண்டாகின்றன. இவற்றைச் சூடாக்கினால் நீர் வெளியேறி, மூலக்கூறுகள் முப்பரிமாண வலைபோல் பிணைகின்றன. இவ்வாறு இறுகிய பிசினை மீண்டும் உருக்க இயலாது. எனவே இது வெப்பத்தால் இறுகும் நெகிழி வகையைச் சேர்ந்தது. கடினமும் தீயெதிர்ப்பும் கொண்ட இப்பிசின் மேசைப் பலகைகளின் மேற்பரப்பு, தட்டுகள், ஒட்டுப்பலகைப் பசை, வாகன வண்ணப்பூச்சு முதலியவற்றில் பயன்படுகிறது. மெலமைன் தட்டுகளை நுண்ணலை அடுப்பில் வைத்தல் கூடாது.

இன்று மெலமைன் பெரும்பாலும் யூரியாவிலிருந்து தயாரிக்கப்படுகிறது. அந்த யூரியாவை 1828 இல் ஆய்வகத்தில் முதன்முதலில் தயாரித்தவர் லீபிக்கின் நெருங்கிய நண்பரான பிரெடரிக் வோலர். தூத்துக்குடியில் உள்ள ஸ்பிக் ஆலையில் உரமாக உற்பத்தியாகும் யூரியாவும் இதே சேர்மமே. இந்தியாவில் குசராத்து மாநிலம் வடோதராவில் மெலமைன் உற்பத்தி செய்யப்படுகிறது.

பாலில் கலப்படம்

உணவிலுள்ள புரதத்தை அதன் நைட்ரஜன் அளவைக் கொண்டு கணக்கிடும் கெல்டால் முறை 1883 இல், லீபிக் இறந்து பத்தாண்டுகளுக்குப் பின், அறிமுகமானது. நைட்ரஜன் புரதத்திலிருந்து வந்ததா, வேறு பொருளிலிருந்து வந்ததா என்று இம்முறை பிரித்தறியாது. இக்குறையைப் பயன்படுத்தி, சீனாவில் நீர் கலந்த பாலில் மெலமைனைச் சேர்த்துப் புரதம் மிகுந்ததாகக் காட்டினர். 2008 இல் இது வெளிப்பட்டது. ஏறத்தாழ 3,00,000 குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். பலருக்குச் சிறுநீரகக் கற்கள் உண்டாயின. ஆறு குழந்தைகள் இறந்ததாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு சீனப் பால்பொருட்களின் இறக்குமதிக்கு இந்தியா தடை விதித்தது. குழந்தைகளுக்கு உணவு தயாரித்த ஒருவர் கண்டறிந்த சேர்மம், பின்னாளில் குழந்தைகளின் பாலிலேயே நஞ்சாகக் கலக்கப்பட்டது.

நினைவு

லீபிக் பணியாற்றிய கீசன் பல்கலைக்கழகம் இன்று அவருடைய பெயரைத் தாங்கியுள்ளது. அவருடைய பழைய ஆய்வகம் அந்நகரில் அருங்காட்சியகமாகப் பேணப்படுகிறது.