காதலும் காமமும் எழுதிய தாலுகா ஆபீஸ் குமாஸ்தா: யார் இந்த கு.ப.ரா.?

காதல் கதை எழுதும் பெண்ணைப் பார்த்தால் 'சொந்தக் கதையா?' என்று கேட்பார்கள். அதையே ஓர் ஆண் எழுதினால், அதுவும் கொஞ்சம் உடம்பும் உணர்ச்சியும் கலந்து எழுதினால், கேள்வி வேற மாதிரி வரும். 'பெண் மனசைப் பற்றி இவருக்கு என்ன தெரியும்?', 'வேற விஷயமே கிடைக்கலையா?', 'வீட்ல தெரியுமா?' இந்தக் காலத்தில் ரொமான்ஸ் எழுதும் ஆண்களில் பலர் புனைபெயருக்குள் ஒளிந்துகொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தக் கேள்விகள் எல்லாவற்றையும் 1930-களிலேயே வாங்கிக்கொண்ட ஒரு மனுஷர் இருக்கிறார். கும்பகோணத்துக்காரர். பெயர் கு.ப.ராஜகோபாலன். இலக்கிய வட்டாரத்தில் கு.ப.ரா. 42 வயதில் இறந்துபோனார். அதில் எழுத்தாளராக முழுசாக வாழ்ந்தது கிட்டத்தட்ட பத்து வருஷம்தான். கதைகள் நூற்றுக்கும் குறைவு. ஆனால் தமிழ்ச் சிறுகதையில் ஆண்-பெண் ஆசை என்ற பேச்சு வந்தாலே முதல் பெயராக அவரைச் சொல்கிறார்கள். அப்படி என்ன எழுதிவிட்டார்?

பார்வை போனது, வேலை போனது

1902 ஜனவரியில் கும்பகோணத்தில் பிறந்தவர். வீட்டில் தெலுங்கு பேசும் பிராமணக் குடும்பம். படிப்பு திருச்சியிலும் கும்பகோணத்திலும். சமஸ்கிருதமும் வங்காளமும் தெரியும். படிப்பு முடிந்ததும் அந்தக் காலத்து நடுத்தர வர்க்கத்தின் கனவான அரசு உத்தியோகமே கிடைத்தது: மதுரைப் பக்கம் மேலூர் தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. அப்படியே போயிருந்தால் பென்ஷன் வாங்கி, பேரக் குழந்தைகளோடு வாழ்ந்து முடித்திருப்பார்.

கண்ணில் புரை விழுந்தது. பார்வை மங்கி மங்கி, கோப்பு பார்க்க முடியாத நிலை. வேலையை விட்டுவிட்டு கும்பகோணம் திரும்பினார். கையில் மிச்சமிருந்தது கதை மட்டும்தான். பொழுதுபோக்காக இருந்த எழுத்து, குடும்பத்துக்குச் சோறு போட வேண்டிய தொழிலாக மாறியது அப்படித்தான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். கண் தெரியாத நாட்களில் அவர் வாயால் சொல்ல, பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொடுத்தவர் அவருடைய தங்கை சேது அம்மாள். இன்றைக்கு அண்ணன் எழுதும் ரொமான்ஸ் கதையைத் தங்கை டைப் செய்து தருகிறாள் என்றாலே வீட்டில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அது 1930-கள், கும்பகோணம் வேறு. பின்னாளில் கு.ப. சேது அம்மாள் தன் பெயரிலேயே கதைகள் எழுதி எழுத்தாளரானார். 'வீட்ல தெரியுமா?' என்ற கேள்விக்கு கு.ப.ரா. விஷயத்தில் இதுதான் பதில்.

பிறகு அறுவை சிகிச்சையில் பார்வை ஓரளவு மீண்டது. போன உத்தியோகம் மீளவில்லை. சென்னைக்கு வந்தார்.

சம்பளம் இல்லாத புகழ்

1933-ல் தொடங்கிய 'மணிக்கொடி' பத்திரிகை பி.எஸ்.ராமையா கைக்கு வந்தபின் சிறுகதைக்கான பத்திரிகையாக மாறியது. புதுமைப்பித்தன், மௌனி, ந.பிச்சமூர்த்தி என்று பெரிய பட்டாளமே அதில் எழுதியது. கு.ப.ரா.வும் பிச்சமூர்த்தியும் ஒரே ஊர், நெருங்கிய சிநேகிதர்கள். 'கும்பகோணம் இரட்டையர்' என்றே சொல்வார்கள். புகழ் கிடைத்தது, காசுதான் கிடைக்கவில்லை. அன்றைய சிறுபத்திரிகையில் எழுதிச் சென்னையில் வாடகை கொடுப்பது நடக்கிற காரியமா?

அதனால் எல்லாம் எழுதினார். கட்டுரை, ஓரங்க நாடகம், வாழ்க்கை வரலாறு, மொழிபெயர்ப்பு. ஒருத்தருக்குள் இரண்டு ஆள் இருக்கும் அந்த ஜெகில்-ஹைட் கதையை 'இரட்டை மனிதன்' என்று தமிழில் கொடுத்தவர் இவர்தான். 'கருவளையும் கையும்' என்ற தலைப்பில் புதுமாதிரிக் காதல் கவிதைகளும் எழுதினார். பாரதியை மகாகவி என்று சொல்லலாமா என்று ஒரு சண்டை கிளம்பியபோது, சிட்டியோடு சேர்ந்து 'கண்ணன் என் கவி' என்று ஒரு புத்தகமே எழுதி, மகாகவிதான் என்று வாதாடினார். எதிரணியில் இருந்தவர் கல்கி. வாசகர் கூட்டமெல்லாம் கல்கி பக்கம் இருந்த காலத்தில் பிழைப்புக்குத் திண்டாடும் ஓர் எழுத்தாளர் எடுக்கிற நிலையா இது என்று தோன்றலாம். அவர் எடுத்தார்.

அப்படி என்ன எழுதிவிட்டார்?

இன்றைய ரொமான்ஸ் கதை படித்துப் பழகியவர்கள் கு.ப.ரா.வைத் திறந்தால் முதலில் ஏமாந்துபோவார்கள். உடம்பு வர்ணனை கிடையாது. முத்தக் காட்சியைத் தேட வேண்டும். இதையா அந்தக் காலத்தில் தப்பு என்றார்கள் என்று ஆச்சரியமாக இருக்கும்.

'ஆற்றாமை' கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒண்டுக்குடித்தன வீடு. ஒரு பகுதியில் புதுசாகச் சேர்ந்து வாழும் இளம் தம்பதி. பக்கத்தில் கல்யாணமாகியும் தனியாக இருக்கும் ஒரு பெண்; புருஷன் வெளியூரில். சுவருக்கு அந்தப் பக்கத்துச் சந்தோஷம் இந்தப் பக்கம் கேட்கிறது. ராத்திரி அந்தத் தம்பதியைத் தேடி ஓர் ஆள் வருகிறார். அந்த நேரத்தில் கதவைத் தட்டக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தே தட்டச் சொல்லி அனுப்புகிறாள். அவ்வளவுதான் கதை.

ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பக்கம் லைன் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கதையை விளக்கவே வேண்டாம். பத்துக் குடும்பத்துக்கு ஒரே குழாய், ஒரே நடை. யார் வீட்டில் சண்டை, யார் வீட்டில் சிரிப்பு, எல்லாம் எல்லாருக்கும் கேட்கும். கு.ப.ரா. கண்டுபிடித்தது இந்தச் சுவரைத்தான். அவர் கதையில் காமம் பெரும்பாலும் படுக்கையில் நடப்பதில்லை. சுவருக்கு இந்தப் பக்கம், தூக்கம் வராமல் படுத்திருக்கும் ஒருத்தியின் மனசில் நடக்கிறது. அவளைக் கெட்டவளாகவும் அவர் காட்டவில்லை, பாவப்பட்டவளாகவும் காட்டவில்லை. பொறாமையில் ஒரு சின்னத் தப்பு செய்கிற, நம்மை மாதிரி ஒரு ஆள்.

'சிறிது வெளிச்சம்' இன்னும் ஒரு படி மேலே போகும். மனைவியை ராத்திரி ராத்திரி அடிக்கிற புருஷன். அதே வீட்டில் குடியிருக்கும் வேறொரு ஆண் ஒருநாள் குறுக்கே போகிறான். அவனும் அவளும் இருட்டில் உட்கார்ந்து பேசுகிறார்கள். தனக்குக் கல்யாணம் என்ற பெயரில் கிடைத்தது என்ன, கிடைக்காதது என்ன என்று அவள் சொல்கிறாள். ஒரு மனைவி வேறொரு ஆணிடம் அதைப் பேசலாமா என்பதுதான் அன்றைய வாசகர்களுக்குச் சுருக்கென்று குத்தியது. இன்றைக்குப் படித்தாலும் நமக்குக் கோபம் வருவது அவள் பேசியதால் அல்ல, அடித்தவன் மேல்.

'கனகாம்பரம்' சிரித்துக்கொண்டே குத்தும் கதை. பெண் சுதந்திரம் பற்றியெல்லாம் பேசும் நவநாகரிகக் கணவன். அவன் இல்லாத நேரத்தில் நண்பன் வீட்டுக்கு வருகிறான், மனைவி சகஜமாக நாலு வார்த்தை பேசுகிறாள். திரும்பி வந்த கணவனுக்கு அது தாங்கவில்லை. பேச்சில் முற்போக்கு, வீட்டுக்குள் வேற ஆள். இந்தக் கணவனை நம்ம ஆபீஸ் கேன்டீனிலேயே பார்க்கலாம்.

ஏன் அவ்வளவு கோபம்?

தமிழில் ஆண்கள் பெண் குரலில் காமம் பாடுவது புதுசா என்ன? குறுந்தொகை முழுக்க அதுதான். திருக்குறளில் 250 குறள் காமத்துப்பால். அதைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மார்க் வாங்கியவர்களே கு.ப.ரா.வைப் பார்த்து முகம் சுளித்தார்கள் என்றால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது.

சங்க அகப்பாடலுக்கு ஒரு விதி உண்டு. தலைவன், தலைவி யார் என்று பெயர் சொல்லக் கூடாது. தொல்காப்பியம் வகுத்த விதி அது. பெயர் இல்லை, விலாசம் இல்லை. அவள் யார் வீட்டுப் பெண்ணாகவும் இருக்கலாம், அதனால் யார் வீட்டுப் பெண்ணும் இல்லை. கவிஞருக்கும் பாதுகாப்பு, கேட்பவருக்கும் நிம்மதி. கு.ப.ரா. பெயர் வைத்தார். தெரு, வீடு, புருஷன் வேலை எல்லாம் சொன்னார். அந்தத் தலைவி திடீரென்று சாவித்திரியாகவும் கமலாவாகவும் ஆகி, கும்பகோணத்து வீட்டில் அடுத்த அறையில் படுத்திருந்தாள். படித்தவர்களுக்குத் தன் வீடு ஞாபகம் வந்தது. என் கணக்கில் பிரச்சினை ஆரம்பித்தது அங்கேதான்.

இன்னொன்று, சட்டம். சிறுமிகளின் கல்யாணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் 1930-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அதிலும் பெண்ணுக்குக் குறைந்தபட்ச வயது 14. பிடிக்காத கல்யாணத்திலிருந்து வெளியே வர விவாகரத்து என்ற வழி இந்துப் பெண்களுக்குச் சென்னை மாகாணச் சட்டத்தில் வந்தது 1949-ல். நாடு முழுக்க இந்து திருமணச் சட்டம் 1955-ல். கு.ப.ரா. அதற்கெல்லாம் முன்பே இறந்துவிட்டார். அவர் கதைப் பெண்களுக்கு வெளியேறும் கதவே கிடையாது. ஆசையை வெளியே சொல்வதுதான் அவர்களுக்கு மிச்சமிருந்த ஒரே கலகம். 'விடியுமா?' கதையில் கணவன் சாகக் கிடக்கிறான் என்று தந்தி வந்து, கும்பகோணத்திலிருந்து ரயிலேறிச் சென்னைக்கு ராத்திரி முழுக்கப் பயணம் செய்யும் பெண்ணின் மனசில் என்ன ஓடுகிறது என்பதை இந்தச் சட்டக் கணக்கோடு சேர்த்துப் படித்தால் முதுகு சில்லிடும்.

வெளியுலகத்திலும் அது கேஸ் போடும் காலம். லாரன்ஸின் 'லேடி சாட்டர்லி' நாவல் 1928-ல் இத்தாலியில் தனியாக அச்சாக வேண்டியிருந்தது. 1942-ல் வந்த 'லிஹாஃப்' கதைக்காக இஸ்மத் சுக்தாய் லாகூர் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. மண்ட்டோ மேலும் வழக்குகள். கு.ப.ரா.வை யாரும் கோர்ட்டுக்கு இழுக்கவில்லை. 'ஆண்-பெண் விஷயத்தை விட்டால் இவருக்கு வேறு தெரியாது' என்ற முத்திரை மட்டும் விழுந்தது. அது இன்றுவரை முழுசாகப் போகவில்லை.

அந்தப் புகாரில் உண்மையே இல்லையா என்றால், கொஞ்சம் இருக்கிறது. அவர் உலகம் சின்னது. பெரும்பாலும் தஞ்சைப் பகுதி நடுத்தரக் குடும்பங்கள், அதிலும் பிராமண வீடுகள். வயல்காட்டிலும் தறியிலும் வேலை செய்த பெண்களின் ஆசை அவர் கதைகளில் அபூர்வம். 'பெண் மனசைப் பற்றி ஆணுக்கு என்ன தெரியும்?' என்ற கேள்வியும் நியாயமானதுதான். ஆனால் அவர் கதைகளைத் தொடர்ந்து படித்தால் ஒன்று தெரிகிறது. தெரியாத இடத்தில் அவர் நிறுத்திவிடுகிறார். அவள் என்ன நினைத்தாள் என்று முழுசாகச் சொல்லி முடிப்பதில்லை. ஒரு பார்வை, பாதி வாக்கியம், அணைந்த விளக்கு. மிச்சத்தை வாசகரிடம் விட்டுவிடுகிறார்.

கடைசி வருஷங்கள்

சென்னையில் 'பாரத தேவி'யில் வேலை பார்த்தார். பாரத்வாஜன், கரிச்சான், சதயம் என்று பல பெயர்களில் எழுதித் தள்ளினார். உலகப்போர் நெருக்கடியில் பத்திரிகைத் தொழில் ஆட்டம் காண, மறுபடி கும்பகோணம். புத்தகக் கடை வைத்துப் பார்த்தார். துறையூரிலிருந்து வந்த 'கிராம ஊழியன்' பத்திரிகையின் ஆசிரியப் பொறுப்பும் வந்தது.

வறுமை விடவில்லை. ஆனால் அந்த நாட்களில் அவரைத் தேடி இளைஞர்கள் வந்தபடி இருந்தார்கள். ஒருவர் தி.ஜானகிராமன், பின்னாளில் இதே கும்பகோணத்தை வைத்து 'மோகமுள்' எழுதி, 'அம்மா வந்தாள்' எழுதி இதே திட்டுகளை வாங்கியவர். இன்னொருவர் நாராயணசாமி. கு.ப.ரா.வின் 'கரிச்சான்' என்ற புனைபெயர் மேல் இருந்த பக்தியில் தனக்குக் கரிச்சான் குஞ்சு என்று பெயர் வைத்துக்கொண்டார்.

காலில் நோய் வந்து அழுகத் தொடங்கியது. காலை எடுத்தால் பிழைக்கலாம் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அவர் சம்மதிக்கவில்லை. 1944 ஏப்ரல் 27-ல் இறந்தார்.

எங்கே படிக்கலாம்?

பதிப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டதால் கதைகள் பல இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மொத்தக் கதைகளையும் தேடித் தொகுத்து, காலச்சுவடு பதிப்பாகக் கொண்டுவந்தவர் பெருமாள்முருகன். 'மாதொருபாகன்' நாவலில் ஒரு பெண்ணின் உடல் சார்ந்த முடிவை எழுதியதற்காக, இனி எழுதவே மாட்டேன் என்று அறிவிக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டு, 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு திரும்பி வந்த அதே பெருமாள்முருகன்.

புதுசாகப் படிப்பவர்கள் 'கனகாம்பரம்' கதையிலிருந்து தொடங்கலாம், பத்து நிமிஷம் போதும். அடுத்து 'ஆற்றாமை'. 'சிறிது வெளிச்சம்' கதையை மட்டும் மெட்ரோவில் நின்றுகொண்டு படிக்காதீர்கள். ராத்திரி, வீடு அடங்கிய பிறகு படியுங்கள்.